வியாழக்கிழமை அப்பா

போசரியில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலண்டரில் உண்டு, எங்கள் தொழிற்பேட்டையில் கிடையாது. புனே முழுக்க ஞாயிறன்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, நாங்கள் ஏழு மணி ஷிப்டுக்கு வரிசையில் நின்று கார்டு தேய்த்துக்கொண்டிருப்போம். எங்களுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கக் கூடாது என்று எந்தக் காலத்திலோ பேட்டைக்கு ஒரு நாளாக விடுமுறையைப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். திண்டுக்கல்லில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்த நான் பதினான்கு வருடமாக இங்கே ஒரு கியர் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். முடி வெட்டிக்கொள்வது, துணி துவைப்பது, கறி எடுப்பது எல்லாம் எனக்கு வியாழக்கிழமைதான். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் வியாழன் விரதம் இருப்பவர்கள். என் குக்கர் விசில் அடித்தால் அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

இவ்வளவு தெரிந்த ஒரு மனிதன், 'ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை குழந்தை தகப்பனாருடன் இருக்கும்' என்று எழுதியிருந்த விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். அந்தப் புத்திசாலி நான்தான்.

நாங்கள் ஏன் பிரிந்தோம் என்பதை இங்கே விளக்கப்போவதில்லை. பெரிய வில்லத்தனம் எதுவும் நடக்கவில்லை. நான் கத்துவேன். அவள் மூன்று நாள் வாய் திறக்க மாட்டாள். அந்த மூன்று நாள் மௌனத்துக்காக நான் மறுபடியும் கத்துவேன். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் அவள் வங்கி வேலைக்குப் பக்கமாக வானவடியில் ஒரு பிளாட் எடுத்துக்கொண்டு, இரண்டாம் வகுப்பில் இருந்த மகளையும் அழைத்துக்கொண்டு போனாள். பிள்ளை அம்மாவிடம் வளரட்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஷிப்டுக்கு ஓடுகிறவன் ஏழு வயதுப் பெண் குழந்தையைத் தனியாக எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும் என்று நானே நினைத்தேன்.

கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்று அவளுடைய அண்ணன் கூட வந்திருந்தார். வராந்தாவில் அவர் யாரிடமோ, "இன்னியோட தலவலி விட்டுது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவருக்கு நிஜமாகவே தலைவலியாக இருந்திருக்கலாம். எனக்கு அந்தச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கத் தோன்றவில்லை. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று வக்கீல் சொன்னார். எல்லாம் படித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டுத் தள்ளினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் பட்டியலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மறுநாள் ஞாயிறு, முதல் ஷிப்ட், என் பெயர். லீவு சொல்லிவிட்டு மகளைப் பார்க்கப் போனேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. நான்காவது ஞாயிறு முடிந்து திங்களன்று மேனேஜர் கூப்பிட்டு, உனக்குக் குடும்பத்தில் கஷ்டம் என்று தெரியும், ஆனால் ஞாயிறன்று வர முடியாத ஆளை நான் எங்கே வைத்துக்கொள்வது என்று மராத்தியில் மரியாதையாகவே கேட்டார்.

அந்த நான்கு ஞாயிறும் நன்றாகப் போனதென்றும் சொல்ல முடியாது. மாலுக்குப் போனோம், பூங்காவுக்குப் போனோம், குட்டி ரயிலில் சுற்றினோம். மகள் நல்ல கவுன் போட்டுக்கொண்டு, தலை வாரி, தயாராக நிற்பாள். எது கேட்டாலும் சரி என்று தலையாட்டி "டீக் ஹை அப்பா" என்பாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் "தேங்க்யூ அப்பா" என்பாள். ஒரே வீட்டில் இருந்தபோது, ரசம் காரமாக இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு என்னை முறைத்த பிள்ளை அவள். நான்காவது ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவர்கள் குடியிருப்பின் கேட்டில் இறக்கிவிட்டபோது, "வந்ததுக்கு தேங்க்யூ" என்றாள். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவளாகவேதான் சொன்னாள்.

பைக்கைத் திருப்பிக்கொண்டு வருகிற வழியெல்லாம் அந்தத் தேங்க்யூவையே நினைத்துக்கொண்டு வந்தேன். கல்யாணம் போனது போகட்டும், அதைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் பெற்ற பிள்ளைக்கு நான் விருந்தாளியாகிவிடுவேனோ என்ற பயம் அன்று பிடித்தது. அந்தப் பயம் மூன்று வருடம் என்னை விடவில்லை.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். என் விடுமுறை வியாழன் என்று தெரிந்தே ஞாயிறை எழுத வைத்தாய், பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கத்தான் இந்தத் தந்திரம் என்று அவளுக்குப் பக்கம் பக்கமாக வாட்ஸப்பில் எழுதினேன். மறுநாள் மூன்று வரி வந்தது: "வியாழன் ஸ்கூல் விட்டதும் கூட்டிட்டுப் போங்க. ஏழு மணிக்குக் கொண்டுவந்து விடுங்க. ஹோம்வர்க் முடிச்சிருக்கணும்."

ஞாயிறு முழுவதும் கிடைக்க வேண்டியவனுக்கு வாரநாள் மதியத்தைக் கொடுத்து, ஹோம்வர்க்கையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிறாள் என்று எனக்கு எரிந்தது. ஆனாலும் வேறு வழி இல்லை.

மகளின் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை காலை ஷிப்ட். பன்னிரண்டரைக்கு விடுவார்கள். வியாழக்கிழமைதோறும் பன்னிரண்டேகாலுக்கே பள்ளி வாசலில் போய் நின்றேன். அங்கே அம்மாக்களும் வேன் ஓட்டுகிறவர்களும்தான் நிற்பார்கள். வாரநாளில் மதியம் சும்மா நிற்கிற ஆண்பிள்ளையைப் பார்த்து முதலில் ஒதுங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு அம்மா பக்கத்தில் வந்து, தன் கணவர் ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள், வேண்டுமானால் சொல்கிறேன் என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அதற்கப்புறம் அவர்களெல்லாரும் என்னிடம் கூடுதல் பிரியமாக இருந்தார்கள்.

முதல் வியாழன் மகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போசரிக்கு என் அறைக்கே போனேன். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியில் என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கிடைத்த ஆறரை மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் சாலையில் போனது. அடுத்த மாதமே போசரி அறையைக் காலி செய்துவிட்டு, அவள் பள்ளிக்குப் பத்து நிமிடத் தூரத்தில், கோர்படி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி அறைக்கு வந்தேன். வாரத்தில் ஒரு மதியத்துக்காக ஆறு நாள் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டுகிறவனைக் கம்பெனியில் எல்லோரும் கேலி செய்தார்கள். காலையில் கேட் மூடிக்கொண்டால் சரக்கு ரயில் போய் முடிகிறவரைக்கும் நானும் என்னைத் திட்டிக்கொள்வேன்.

அந்த இடத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மகளின் அம்மா வளர்ந்தது கோர்படி ரயில்வே காலனியில். அவள் அப்பா ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்விட்டாலும், அவளைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர்கள் கடைத்தெருவில் இன்னும் இருக்கிறார்கள். மளிகைக்கடைக்காரருக்கு நாங்கள் பிரிந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் 'ஜாவயி' என்பார், அதாவது மாப்பிள்ளை. நானும் திருத்தவில்லை. மாப்பிள்ளைக்கென்று நல்ல துவரம்பருப்பாக எடுத்துக் கொடுப்பார்.

வியாழக்கிழமை மதியங்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. சோறு, குழம்பு, முட்டை. பிறகு ஹோம்வர்க். மராத்தி கட்டுரை என்றால் அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கணக்கு என்றால் நான். பள்ளி டைரியில் பெற்றோர் கையெழுத்துக் கட்டத்தில் மற்ற நாளெல்லாம் அவள் அம்மாவின் வட்டக் கையெழுத்து, வியாழனுக்கு மட்டும் என் கிறுக்கல். அந்தக் கட்டத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் பார்க்கவில்லை என்றால் பக்கத்தைப் புரட்டிப் பழைய வாரத்துக் கையெழுத்தையும் பார்ப்பேன்.

நான்காம் வகுப்பு ஆரம்பத்தில் ஒரு வியாழன், மகள் தசமக் கணக்குப் பரிட்சைத் தாளை எடுத்து நீட்டினாள். இருபத்தைந்துக்கு ஒன்பது. கையெழுத்துப் போட்டுவிடுங்கள், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். எனக்குத் துக்கத்துக்குப் பதில் சந்தோஷம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரகசியம் சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்தாளே என்று பெருமையோடு கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை தாளைக் காட்டியதும் விஷயம் வெளியே வந்தது. அன்று மதியம் அவள் அம்மாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "நல்ல பேரெல்லாம் நீங்க வாங்கிக்கோங்க. கெட்ட பேர் நான் வாங்கிக்கறேன்."

பதிலுக்கு எதையோ காரமாக எழுதி அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். கடைசியில், "தசமம் நான் சொல்லிக் கொடுக்கிறேன்" என்று மட்டும் அனுப்பினேன். அடுத்த வியாழன் என் சொந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து வைத்து, அவள் பென்சிலின் தடிமன், தோசையின் தடிமன், என் காது மடலின் தடிமன் எல்லாவற்றையும் அளக்க வைத்தேன். என் காது நாலு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர். அடுத்த பரிட்சையில் பதினெட்டு வாங்கினாள். அந்தத் தாளைப் படமெடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினேன். அதிலிருந்து நான் எதில் கையெழுத்துப் போட்டாலும் படம் போய்விடும். அவளும் எனக்குப் படம் அனுப்ப ஆரம்பித்தாள். தடுப்பூசி அட்டை, பல் டாக்டர் சீட்டு, தலையில் பேன் இருக்கிறது என்று பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பு, எல்லாம் வந்தன.

ஆனாலும் மகள் மட்டும் மாறவில்லை. முட்டை வைத்தால் தேங்க்யூ. கேட்டில் விட்டால் தேங்க்யூ. என் அறையில் தண்ணீர் குடிக்கக்கூட, "எடுத்துக்கலாமா அப்பா" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள்.

நான்காம் வகுப்பு முடிகிற நேரத்தில் பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து மதிய ஷிப்ட், பன்னிரண்டரையிலிருந்து ஆறு மணி வரை. ஜூனில் தொடங்கும்.

படித்ததும் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். வியாழக்கிழமை மதியம் போய்விட்டது. ஆறு மணிக்குப் பள்ளி விட்டு ஏழு மணிக்கு அம்மாவிடம் விடுவதென்றால், ஒரு வடாபாவ் சாப்பிடுகிற நேரம்தான் எனக்கு மிச்சம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்க்கிற அப்பாவை எந்தப் பிள்ளை அப்பா என்று நினைக்கும்? அன்றே வக்கீலைப் போய்ப் பார்த்தேன். மாற்றச் சொல்லி மனுப் போடலாம், ஆனால் அந்தம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் இழுக்கும் என்றார். இழுக்கட்டும் என்றேன். சண்டைக்கு ஒரு காரணம் கிடைத்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

அந்த வாரமே அவளிடமிருந்து போன் வந்தது. மெசேஜ் இல்லை, போன். பிரிந்த பிறகு அவள் குரலை நான் கேட்டதே இல்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெர்மிஷன் போட்டுவிட்டு வருகிறேன், கொஞ்சம் பேச வேண்டும் என்றாள். கேம்ப் பகுதியில் ஒரு இரானி ஹோட்டலில் உட்கார்ந்தோம். நீ என்று கூப்பிடுவதா நீங்கள் என்பதா என்று தெரியாமல், டீ சொல்லவா என்று பொதுவாகக் கேட்டேன்.

அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். தினமும் காலை எட்டரைக்கு அவள் வங்கிக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைக்குப் பன்னிரண்டரைக்குத்தான் பள்ளி. பிள்ளை இத்தனை நாளும் பள்ளி விட்டு வந்து இருந்த டே கேரை நடத்துகிற அம்மாள், அதை மதியத்துக்கு மேல்தான் திறக்கிறார். "நாலு மணி நேரம் தனியா விட எனக்கு ஹிம்மத் இல்ல, பயமா இருக்கு. ஆளு தேடிப் பாத்தேன், சரியா அமையல. என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள். அவள் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பிக்காமல் விடவில்லை. வக்கீலைப் பார்த்தாகிவிட்டது, ஞாயிறை எழுதி ஒரு தடவை ஏமாற்றியது போதும், இந்தத் தடவை விட மாட்டேன் என்றேன். அவள் டீயைத் தள்ளி வைத்தாள்.

"அன்னிக்கு கோர்ட்ல நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வேகமாப் போனீங்களே, பின்னாடியே நான் வந்தேன். ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கெழம உங்களுக்கு டூட்டியாச்சேன்னு சொல்லத்தான் வந்தேன். என் வாயத் தொறக்க விட்டீங்களா? இனிமே எங்கிட்ட ஒரு வார்த்த பேசாதன்னீங்க. எங்க அண்ணா, ரெண்டு வக்கீல், எல்லார் முன்னாடியும்."

ஞாபகம் இருந்தது. அந்த வசனத்தை நன்றாகவே சொன்னோம் என்று பல நாள் நினைத்துக்கொண்டும் இருந்தேன். அவள் எதற்காகப் பின்னால் வந்தாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஹோட்டலில் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல முகம் சுட்டது.

"அப்பறமாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். கோவமா இருந்தது. அப்பறம், சச், உண்மையச் சொல்லணும்னா, ஞாயித்துக்கெழம முழுக்க அவ என்கூட இருப்பாளேன்னு குஷியாவும் இருந்தது. அது என் தப்பு."

இப்படி ஒருத்தி ஒளிக்காமல் சொல்லிவிட்டால் அவளிடம் எப்படிக் கோபப்படுவது? என் கோபத்துக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான், படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான் என்றேன். ஒன்பது வருடக் கல்யாணத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதே கிடையாது.

பிறகு நான் யோசிக்காமல் சொன்னேன். "காலையில நான் பாத்துக்கிறேன். தெனமும் எங்கிட்ட விட்டுட்டுப் போ. நான் குளிக்க வச்சு, சோறு போட்டு, ஸ்கூல்ல விட்டுர்றேன்."

"உங்க ஷிப்ட்?"

"மாத்திக்கிறேன்."

மாற்ற முடியுமா என்று எனக்கே தெரியாது. எங்கள் கம்பெனியில் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். முதல் ஷிப்ட் கிடைத்தால் சிரிப்பார்கள். மதியம் மூன்று மணிக்குத் தொடங்குகிற இரண்டாவது ஷிப்ட் என்றால் எல்லோருக்கும் வயிறு வலிக்கும். அதை நிரந்தரமாக எனக்கே கொடுங்கள் என்று கேட்டபோது மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். நிஜமாகத்தான் கேட்கிறேன், பக்கா என்றேன். ஒருவருக்கு அப்படிக் கொடுத்தால் மற்றவர்களும் தங்களுக்குப் பிடித்ததைக் கேட்பார்கள், மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். விஷயம் தெரிந்ததும், இவனுக்கு எங்கேயோ இரண்டாவது சம்சாரம் இருக்கிறாள், அதனால்தான் காலையில் நேரம் கேட்கிறான் என்று கேன்டீனில் பேச்சு வந்தது. இருந்த ஒருத்தியிடமே ஒழுங்காகக் குடும்பம் நடத்தத் தெரியாதவனுக்கு இரண்டாவது ஒரு கேடா என்று நானே கேட்டதும் சிரித்து விட்டுவிட்டார்கள்.

மூன்று வாரம் பதில் வரவில்லை. மே மாதம் முடியப் போகிறது. அவள் இரண்டு தடவை, ஏதாவது தெரிந்ததா என்று மெசேஜில் கேட்டாள். பொய் சொல்ல மனமில்லாமல் இல்லை என்றே போட்டேன். வக்கீல் ஒரு பக்கம் போன் செய்து மனு தயார் என்றார். கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஹடப்ஸர் பக்கம் சின்னப் பட்டறை எதிலாவது சேர்ந்துவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். ஒரு வருடத்துக்கு இரண்டாவது ஷிப்ட், நடுவில் மாற்றக் கேட்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குப் படம் அனுப்பினேன். வக்கீலுக்கு, மனு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் மழையில் ஆரம்பித்தது எங்கள் காலை. திங்கள் முதல் வெள்ளி வரை, எட்டே முக்காலுக்குக் கீழே ஸ்கூட்டர் ஹாரன் அடிக்கும். ரெயின்கோட்டில் ஒரு சின்ன உருவம் மாடி ஏறி வரும். அவள் அம்மா கீழேயிருந்தே கையாட்டிவிட்டுப் போய்விடுவாள். தோசை, கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் படம் வரைதல், குளியல், சோறு, ரெட்டைப் பின்னல். பன்னிரண்டேகாலுக்குப் பள்ளி. அப்படியே நான் போசரிக்கு வண்டியை விட்டால் மழையிலும் ஷிப்டுக்கு நேரம் இருக்கும்.

அந்தப் பள்ளியில் ரெட்டைப் பின்னல் கட்டாயம், வெள்ளை ரிப்பன் கட்டாயம். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். பத்து மைக்ரான் வித்தியாசத்துக்குப் பாகத்தை ஒதுக்கித் தள்ளுகிறவன் நான், வகிடு கோணலாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. அவிழ்த்து மறுபடி எடுப்பேன். மகள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும், "தேங்க்யூ அப்பா" என்பாள். ஒரு மாதம் ஆயிற்று. வாரத்துக்கு ஐந்து காலை கிடைத்தும் எனக்குத் தேங்க்யூதான். நேரம் இல்லாததால்தான் விருந்தாளி என்று இத்தனை நாள் நினைத்தேன், நேரம் கிடைத்தும் அப்படியேதான் என்றால் இனி என்ன செய்வது என்று எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

ஜூலையில் ஒரு நாள். மழை விடவில்லை. துணி காயவில்லை. அவள் தன் சயின்ஸ் நோட்டில் வரைந்துகொண்டிருந்த பூவை முடிக்க வேண்டும், நேரமோ ஆகிவிட்டது. நான் எடுத்த வகிடு பிடிக்காமல் ஒரு தடவை அவிழ்த்தேன். மறுபடியும் அவிழ்த்தேன். மூன்றாவது தடவை சீப்பை வைத்ததும் அவள் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எத்தன தடவ? வலிக்குது. உங்களுக்குப் பின்னவே தெரியல. அம்மா ஒரே தடவைல பண்ணுவா."

ஆடாமல் உட்கார்ந்தால் நானும் ஒரே தடவையில் பின்னுவேன் என்று நான் சத்தம் போட்டேன். அவள் என்னைவிடச் சத்தமாக, "நான் ஆடவே இல்ல, நீங்கதான் இழுக்கறீங்க" என்று கத்தினாள். ரிப்பனை உருவிச் சுவரில் எறிந்தாள். "போங்க. உங்ககூட கட்டி. பக்கா கட்டி."

நம் ஊரில் பிள்ளைகள் டூ விடுவதைத்தான் இங்கே கட்டி என்பார்கள். ஒரு பின்னலும் ஒரு குதிரைவாலுமாக அவளைப் பைக்கில் ஏற்றினேன். வழக்கமாக என் இடுப்பைப் பிடித்துக்கொள்பவள், அன்று பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பள்ளி வாசலில் இறங்கி, தேங்க்யூ சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மழையில் விடுவிடுவென்று உள்ளே போனாள். இத்தனை பாடுபட்டு நானே கெடுத்துக்கொண்டேனே என்று வழி முழுக்கப் புழுங்கினேன். அன்று ஷிப்டில் ஒரு பாகத்தை மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் வேறு வேறு அளவு வந்தது.

ஏழு மணி டீ இடைவேளையில் அவள் அம்மாவின் போன் வந்தது. பிள்ளையை என்ன செய்தீர்கள், வந்ததிலிருந்து உம்மென்று இருக்கிறாள் என்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நான் கத்தியதையும் சொன்னேன். பழைய மூன்று நாள் மௌனம் ஆரம்பிக்கப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவள் சிரித்தாள்.

"எனக்கு வாரத்துக்கு நாலு தடவ கட்டி. எம்மேல சீப்பக்கூட எறிஞ்சிருக்கா. உங்ககிட்ட மட்டும் மூணு வருஷமா ஒரு தடவகூட இல்லயேன்னு எனக்குப் பொறாமையா இருந்தது. அவ வெளி மனுஷங்ககிட்ட கத்த மாட்டா. வீட்டு ஆளுங்ககிட்டதான் கத்துவா. உங்கள மாதிரியே."

கம்ப்ரசர் சத்தத்தில் கேட்கவில்லை என்பதுபோல, என்ன சொன்னாய் என்று இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். போனை வைத்த பிறகு டீ ஆறிப்போயிருந்தது. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று பக்கத்து மிஷின்காரனிடம் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன்.

மறுநாள் எட்டே முக்காலுக்கு ஹாரன் அடித்தது. மகள் மாடி ஏறி வந்தாள். முகம் இன்னும் இறுக்கம்தான். என்னைப் பார்க்காமல் நேராகக் குடத்தடிக்குப் போய், கேட்காமல் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். நான் வைத்த தோசையை ஒரு வாய் தின்றுவிட்டு, உப்பு இல்லை என்று சுவரிடம் சொன்னாள். நான் அடுத்த தோசைக்கு உப்புப் போட்டேன். பதினொன்றரைக்கு, எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, சீப்பை எடுத்துத் தன் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். இன்னும் பேசவில்லை. வகிடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அப்படியே பின்னிவிட்டேன்.